யாரும் உட்காராத சீட்டு

மன்னிக்க வேண்டும் ஐயா, அதன்மேல் மட்டும் உட்கார வேண்டாம். இதோ, நான் நகர்ந்துகொள்கிறேன். இங்கே தாராளமாக அமருங்கள். பையை வேண்டுமானால் என் மடியில் வையுங்கள், அந்தச் சீட்டின்மேல் பையும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் ஒரு முழு டிக்கெட் எடுத்திருக்கிறேன். "பெரியவரே, இதுக்கு அஞ்சு வயசுக்கு மேலயா, கீழயா?" என்று நடத்துநர் கேட்டார். பேருந்தே சிரித்தது. சிரிக்கட்டும். முழு டிக்கெட்டே கொடுங்கள் என்றேன்.

லாரிச் சீட்டுதான். டிரைவர் உட்காருவது. ஏர் சீட்டு என்பார்கள். அடியில் துருத்திபோல் மடிந்திருக்கிறதே, அதில் வண்டியின் காற்று ஏறி நிற்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும், அதில் அமர்ந்திருப்பவன் குதிக்கமாட்டான். இப்போது காற்று இல்லை. ஆகையால் அமுங்கிக் கிடக்கிறது. ஓசூரிலிருந்து கொண்டுவருகிறேன், கோவை போகவேண்டும். என் தம்பி அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நாளைக் காலை ஏழு மணிக்கு அவனுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். அதற்குள் அவனை இதில் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், உட்கார்த்திவிட வேண்டும். உட்கார்ந்துவிட்டான் என்றால் எழுந்து நடந்துவிடுவான்.

இல்லை, டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நீங்களும் கோவையா? நல்லது. அப்படியானால் முழுவதையும் சொல்லலாம். என் பேச்சு சற்றுப் புத்தகம்போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "எங்க அண்ணன் டீ கேட்டாலும் பாட்டுப் பாடற மாதிரிதான் கேப்பாரு" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பதிகங்களை ஓதி ஓதி நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

என் பெயர் சென்னியப்பன். சங்ககிரி. எங்கள் ஊரில் கல்லை எறிந்தால் லாரிமேல்தான் விழும். தம்பி பெயர் நாச்சிமுத்து. எனக்கு அறுபத்தெட்டு, அவனுக்கு ஐம்பத்தொன்று. எங்கள் தந்தையாரும் லாரி ஓட்டியவர்தாம். தம்பி இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, ஒரு விபத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். அந்த வண்டியின் சீட்டைக் கழற்றி இன்னொருவர் தம் வண்டியில் மாட்டிக்கொண்டார். ஆறு மாதத்தில் அவரும் போனார். இது நான் கேள்விப்பட்ட கதையன்று. இரண்டு சாவுக்கும் நான் போயிருக்கிறேன். அன்றுமுதல் தம்பிக்குத் தகப்பன் நான்தான். அவன் ஒருநாளும் என் சொல்லைத் தட்டியதில்லை. ஒருநாளும்.

எங்களுக்கு ஒரே லாரி. ஆபீஸ் என்னுடையது, ரோடு அவனுடையது. காலையில் நீராடி, திருநீறணிந்து, இரண்டு மணி நேரம் நான் பாராயணம் செய்வேன். அவன் எந்த ஊர் ரோட்டில் இருந்தாலும் அந்தப் புண்ணியம் அவனைக் காக்கும் என்பது என் துணிபு. வெறுந்தரையில் அமர்ந்தால் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் ஓட்டியவன் முதுகு என்னவாகும், சொல்லுங்கள். எலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு நழுவிவிட்டது. கோவை டாக்டர் சொன்னார், "வண்டி ஓட்டாதீங்க. ஓட்டித்தான் ஆகணும்னா ஏர் சீட்டு இருக்கற வண்டியா பாருங்க" என்று. அதற்காகத்தான் பழையதைக் கொடுத்துவிட்டுப் புது லாரி வாங்கினோம். வண்டியை வாங்கியதே அந்தச் சீட்டுக்காகத்தான் ஐயா.

தைமாதம் வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கதவைத் திறந்தால் உள்ளே சாதாரணச் சீட்டு. பலகையில் மெத்தை தைத்தாற்போல். ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூடி. பின்னால் பார்க்கும் கேமராவுக்கு ஒயர் வந்திருக்கிறது, கேமரா வரவில்லை. உலகமெங்கும் உதிரிப்பாகத் தட்டுப்பாடாம். வண்டி கொடுப்பது நின்றுவிடக்கூடாதே என்று இல்லாததை விட்டுவிட்டு அனுப்பிவிட்டார்களாம். ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் இலவசமாகப் பொருத்தித் தருவோம் என்று ஒரு கடிதம். தம்பி வண்டியைச் சுற்றிவந்து சொன்னான், "ஏனுங்கண்ணா, புள்ள பொறந்துருச்சு, கண்ணு காதெல்லாம் தபால்ல வருமாமா?" என்று. நானும் சிரித்தேன். வரும்டா, பொறு என்றேன்.

அவனா பொறுப்பவன். சங்ககிரியில் சாதிக் பாய் என்று ஒருவர், வண்டிக்குள் வேண்டியதையெல்லாம் பொருத்தித் தருபவர். ஒரே நாளில் கேமராவும் வந்தது, ரேடியோவும் பாடியது. சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. பழைய டயர் டியூபில் அரைக்காற்று பிடித்து, போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினான். ஆறாவது வாரம் கம்பெனியில் கேட்டால், இன்னும் ஆறு வாரம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் சாதிக் பாய் ஒரு ஏர் சீட்டு கொண்டுவந்து மாட்டிவிட்டார். எனக்குத் தெரியாது. தம்பி அந்தச் சீட்டோடு நாக்பூர் போய்த் திரும்பினான். எப்போதும் கதவைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்கி, ஐந்து நிமிடம் இடுப்பில் கைவைத்து நின்றுதான் நடப்பவன், அன்றைக்கு இளவட்டம்போல் குதித்து இறங்கினான். "அண்ணா, எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சுங்கண்ணா" என்றான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. திருவருள் என்று எண்ணி அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னேன்.

கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தொப்பூர்க் கணவாய் இறங்குகிறது, கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும்.

இங்கேதான். சாதிக் பாய் மாட்டிய அந்தச் சீட்டு முன்பு இருந்த வண்டி இந்த இறக்கத்தில்தான் கவிழ்ந்திருக்கிறது. ஓட்டியவன் இறந்துபோனான். இரண்டாவது நடைக்குத் தம்பி கிளம்பவிருந்தபோது பேக்கரியில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் தந்தையார் கண்முன் வந்தார். நேரே பட்டறைக்குப் போனேன்.

"அந்தப் பையன் சீட்டுல சாகலீங்க ஐயா. கதவு தெறிச்சு, வெளிய விழுந்து செத்தான். சீட்டு ஒண்ணும் பண்ணல" என்றார் சாதிக் பாய்.

"அவன் அதில் உட்கார்ந்திருந்தானா, இல்லையா?"

"உட்காராம எப்படீங்க வண்டி ஓட்டுவாங்க?"

"அவ்வளவுதான். கழற்றுங்கள்."

"செத்தவன் ஓட்டுன ரோட்டுலதானுங்க நாம எல்லாருமே ஓட்டறோம். ரோட்டையும் கழட்டிரலாமா?"

நல்ல மனிதர், வாய்தான் துடுக்கு. நான் அங்கேயே நின்று கழற்றவைத்தேன். தம்பி டியூபை எடுத்துக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இவன் என் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் மாட்டிக்கொள்வான் என்று எனக்குத் தோன்றியது. ஆகையால் மறு திங்கட்கிழமை திருச்செங்கோட்டு மலைக்கு அழைத்துப்போனேன். அந்த மலையில் அறுபதாம் படி என்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் நின்று சத்தியம் செய்தால் செய்ததுதான். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வழக்கு அந்தப் படியில் தீர்ந்திருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறிவந்தான். கற்பூரம் ஏற்றினேன். கம்பெனி கொடுக்கும் புதுச் சீட்டு வரும்வரை, வேறொருவர் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டமாட்டேன், இது சத்தியம் என்று சொல்லச் சொன்னேன்.

"கம்பெனி சீட்டு வரலீன்னாங்கண்ணா?"

"வரும்."

"வரலீன்னா?"

"வரும் என்றால் வரும். அடி."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அணைக்கும்போது கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். ஐம்பது வயது ஆனவன், சிறுபிள்ளைபோல்.

ஆறு வாரம் பத்து மாதம் ஆயிற்று. நான் கடிதம் எழுதாத நாளில்லை. கப்பலில் இருக்கிறது என்றார்கள், துறைமுகத்தில் இருக்கிறது என்றார்கள், பெட்டி வந்தது, உள்ளே வேறு வண்டியின் சீட்டு இருந்தது என்றார்கள். பழி முழுவதும் அவர்களைத்தான் சாரும். ஒரு மனிதனின் முதுகெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மாதம் பதில் சொல்லாமல் இருந்தார்களே, அவர்கள் வீட்டில் பிள்ளைகுட்டிகள் இல்லையா?

வேறு டிரைவரா? போட்டோம். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் ஒரு மாதத்தில் போனார்கள். பிறகு இவனேதான்.

ஆடிமாதம் விஜயவாடாவிலிருந்து பேசினான். "அண்ணா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்கண்ணா. அந்தச் சத்தியத்த எடுத்துக்குங்க. சாதிக் பாய் அந்த சீட்ட இன்னும் சாக்குல சுத்தி வெச்சிருக்காரு" என்றான். நான் என்ன செய்யமுடியும்? சத்தியம் எனக்குச் செய்ததா? எடுத்துக்கொள்ள நான் யார்? சுவாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாகாது தம்பி என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் முதல் பாராயணத்தில் அவனுக்காக அரைமணி நேரம் கூட்டினேன். என்னால் ஆனதை நான் செய்யாமலில்லை.

ஐப்பசியில் மறுபடியும் பேசினான். பேசினான் என்பதா, மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது. என்னடா என்றேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா. பரவாலீங்கண்ணா" என்று வைத்துவிட்டான். பிறகு அவன் அதைப்பற்றிப் பேசவேயில்லை. மனம் பக்குவப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஓங்கோல் தாண்டி, பிரேக்கை மிதிக்கப்போனவனுக்குக் கால் இருக்குமிடம் தெரியவில்லை. எப்படியோ கைப்பிரேக்கைப் போட்டு ஓரங்கட்டிவிட்டான். அவன் கைத்திறன் அது. வேறொருவனாக இருந்தால் நாலு உயிர் போயிருக்கும். ஆனால் இறங்க முடியவில்லை. நாலு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த டியூபின்மேல். பிறகு யாரோ புண்ணியவான்கள் தூக்கி இறக்கினார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. ஆபரேஷன் செய்து பார்ப்போம், நடந்தாலும் நடக்கலாம் என்கிறார் டாக்டர். நடக்கலாம் என்ற சொல்லுக்குமுன் அவர் சற்று நிறுத்தினார். அந்த இடைவெளியில்தான் நான் இத்தனை நாளும் இருந்துகொண்டிருக்கிறேன் ஐயா.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றிரவு எனக்கு விளங்கிற்று. சத்தியம் குறையாக நிற்கிறது. புதுச் சீட்டு வரும்வரை என்று சொன்னோம், சீட்டு வரவில்லை, சத்தியம் முடியவில்லை. முடியாத சத்தியத்தோடு அவன் கத்திக்குக் கீழே படுக்கக்கூடாது.

மறுநாளே ஓசூர் போனேன். கம்பெனி டிப்போ வாசலில் துண்டை விரித்து அமர்ந்தேன். தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளவில்லை. முதல்நாள் காவலாளி விரட்டினார். இரண்டாம்நாள் மேனேஜர் வந்து, "பெரியவரே, இருந்தா குடுக்கமாட்டமா? ஸ்டாக்கே இல்ல" என்றார். நான் பாடிக்கொண்டே இருந்தேன். நேற்று மூன்றாம்நாள், எனக்குத் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது, யாரோ போனில் படம் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளேயிருந்து சீட்டு வந்துவிட்டது. இரண்டு நாளாக இல்லாதது மூன்றாம்நாள் எங்கிருந்து வந்தது? வந்தது, அவ்வளவுதான். அடியவன் இறைஞ்சினால் கல்லும் கசியும்.

அட்டைப்பெட்டி இல்லை. பெட்டிக்கும் தட்டுப்பாடாம். இந்தப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கொடுத்தார்கள். புதியதுதானே என்று இரண்டுமுறை கேட்டேன். "புதுசுதானுங்க, கொண்டுபோங்க" என்றார் கொண்டுவந்தவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், பணிவான மனிதர்.

ஒன்று சொல்ல மறந்தேன். இதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது, சர்வீசுக்கு வந்த ஒரு லாரியின் கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு வடநாட்டு டிரைவர் நின்றிருந்தார். நல்ல புது வண்டி, நம் வண்டியின் இனம்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வீட்டை விட்டு எத்தனை தூரம் வந்திருக்கிறாரோ, என்ன மனக்குறையோ. நான் கிட்டே போய் அவர் நெற்றியில் திருநீறு இட்டேன். ஏதோ சொன்னார், இந்தியில். எனக்கு அந்த மொழி தெரியாது. நன்றி சொல்லியிருப்பார்.

லாரியில் போட்டனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கா லாரி கிடைக்காது? சுமை ஏற்றுகிறவர்கள் இதன்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். முதலில் இதில் உட்காருகிறவன் என் தம்பியாக இருக்கவேண்டும்.

பொறுங்கள், போன் வருகிறது. தம்பி மனைவி, தனபாக்கியம்.

சொல்லம்மா... சேலம் தாண்டிவிட்டது... ஆமாம், வாங்கிவிட்டேன், கையோடு கொண்டுவருகிறேன்... ஏன் முடியாது? நாலு பேர் சேர்ந்து பிடித்தால்... சரி. சரி. டாக்டர் அப்படித்தான் சொல்வார்... அவனா சொன்னான்? அவன் வாயாலா?... வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லம்மா. வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லு.

ஒன்றுமில்லை ஐயா. கண்ணில் தூசி. சன்னலை அடைத்துவிடுங்கள்.

இருபது நாளாக என்னோடு பேசாதவன் இன்றைக்குப் பேசச் சொல்லியிருக்கிறான். "சீட்டெல்லாம் வேண்டாமாம் மாமா. அண்ணன் மட்டும் வந்தாப் போதும், சத்தியத்த எடுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அதக் கேட்டுட்டு உள்ள போறேங்கறாரு" என்கிறாள். தலையணைகூட வைக்கக்கூடாதாம், நிமிர்த்தி உட்காரவைத்தால் இருக்கிற நரம்பும் போய்விடுமாம்.

என்ன கேட்கிறீர்கள்? ஒரு வார்த்தைதானே என்றா? ஒரு வார்த்தைதான். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் இன்றைக்குச் சொல்லலாம் என்றால் ஆடியிலும் சொல்லியிருக்கலாம் என்று ஆகிவிடாதா? விஜயவாடாவிலிருந்து கேட்டானே, அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் சாதிக் பாயிடம் போயிருப்பான். இன்றைக்கு லாரியிலிருந்து குதித்து இறங்கியிருப்பான். அப்படி ஆகிவிடக்கூடாது ஐயா. அதனால்தான் சீட்டு. சீட்டு வந்துவிட்டது என்றால் நான் சொன்னது சரி.

எதைக் காட்டுகிறீர்கள்? எங்கே? தாள் கிழிந்த இடத்திலா?

ஆமாம், ஏதோ இருக்கிறது. பிடியின் மேலே. குங்குமம். கம்பெனியிலும் பக்தியுள்ளவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், பூசை போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

குங்குமம் இல்லையா? நிறத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஆமாம், இது சற்று ஆரஞ்சாக இருக்கிறது. செந்தூரம். நம் பக்கத்தில் வண்டிக்குச் செந்தூரம் வைக்கிற வழக்கமில்லை. வடக்கேதான் வைப்பார்கள்.

வடக்கேதான்.

இல்லை, நீங்கள் சொல்லவேண்டாம். அந்த வண்டியிலிருந்து இருக்காது. அவர் வெறுமனே நின்றுகொண்டிருந்தார், கதவைப் பிடித்துக்கொண்டு. உள்ளே எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளே பார்க்கவில்லை. மெத்தை நடுவில் பள்ளமா? பள்ளமில்லை, காற்றில்லாமல் அமுங்கியிருக்கிறது. புதியதுதான் என்று அவர் சொன்னாரே. இரண்டுமுறை கேட்டேனே.

அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுங்கள். கைக்குட்டை இருக்கிறதா? வேண்டாம், உங்களுடையது பாழாகிவிடும். என் மேல்துண்டு போதும். நனைத்துத் துடைத்தால் போய்விடும். ஒரு தெய்வத்துக்கு வைத்த பொட்டை என் கையால் அழிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன். அறுபத்தெட்டு வருடத்தில் கீழே உதிர்ந்த திருநீற்றைக்கூட மிதித்ததில்லை.

போகவில்லை. எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறார்கள். பரவியல்லவா விட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஆயிற்று. இப்போது பார்த்தால் புதிது மாதிரி இல்லை? சொல்லுங்கள். நீங்கள் வேற்று மனிதர், உள்ளதைச் சொல்வீர்கள்.

சரி, சொல்லவேண்டாம். என் தம்பி முன்னால் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஆண்டவனுக்குத் தெரியும், தெரிந்தவனுக்கு நாம் காட்டவேண்டியதில்லை. தம்பிதான் பார்க்கவேண்டும், அண்ணன் கொண்டுவந்துவிட்டான் என்று. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இதை வைத்துவிடுகிறேன். உட்கார முடியாவிட்டால் கையை மட்டுமாவது இதன்மேல் எடுத்து வைக்கிறேன். கற்பூரம் அணைத்த கை. அது போதாதா? போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் பைபாஸில் வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது. கோவை இறங்கியதும் ஒரு கை பிடியுங்கள் ஐயா, ஆட்டோவரைக்கும். நாற்பது கிலோ இருக்கும். தனியாகத் தூக்கினால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.